மூன்று வரிசை மருந்து

எங்கள் நிலத்தில் திராட்சைப் பந்தல் போட்ட நாளிலிருந்து ஊரில் எங்களுக்கு 'ஒயின் வீடு' என்று பேர். டீக்கடையில் அந்த ஒயினைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. ஆனால் பதில் சொல்ல மாட்டார். கிருத்திகை தவறாமல் திருத்தணி மலையேறுகிறவர் அவர். கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, ஒரு சொட்டு தொட்டதில்லை. பாவா முதல் தடவை ஒயின் போட்டுக் கொண்டுவந்து, உன் நிலத்துப் பழம், நாக்கு நுனியிலாவது வை என்று நீட்டியபோது, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். நகரிப் பக்கத்து ஆள், தெலுங்கு பேசுகிறவர். அவரும் அக்காவும் கோலார் தாண்டி ஒரு இடத்தில் லைசென்ஸ் வாங்கிச் சின்ன அளவில் சிவப்பு ஒயின் போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய கறுப்புத் திராட்சை எங்கள் நிலத்தில் விளைகிறது. கொடி எங்களுடையது, தொட்டி அவர்களுடையது, நடுவில் வேறு ஆள் கிடையாது. நிலம் திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிக் கால் மணி நேரம் நடக்கிற தூரம். முன்னே அதில் கடலை போட்டோம், கரும்பு போட்டோம். திராட்சை வந்த பிறகுதான் எனக்கு வானத்தைப் பார்க்கிற வியாதி வந்தது.

பயம் என்பது எனக்குப் புதிதில்லை. கேஸ் குமிழை மூடிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். சொட்டுநீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டேனா என்று சோறு பிசையும்போது ஞாபகம் வந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவேன். அப்படிப்பட்டவள் கையில்தான் இந்த இயற்கை விவசாய டைரியைக் கொடுத்திருந்தார்கள்.

அது பாவாவின் யோசனை. ரசாயனம் எதுவும் போடாமல் மூன்று வருஷம் விளைவித்துக் காட்டினால், வருஷத்துக்கு ஒரு முறை வந்து சோதித்துவிட்டு, மூன்றாம் வருஷம் முடிவில் இயற்கை முறை என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பாட்டிலில் அதற்கான முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு முத்திரைக்காகப் பாவா தன் தொட்டி, குழாய் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார். இந்த மாசியோடு மூன்று வருஷம் முடிகிற கணக்கு. நடுவில் ஒரு தப்பு நடந்தாலும் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்கழி பிறந்தபோதே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை பேப்பர் வரவில்லை என்றால் கொடியை அறுத்துப் போட்டுவிட்டுக் கரும்புக்கே திரும்பிவிடலாம், இன்னொரு மூன்று வருஷம் தன்னால் ஆகாது என்று. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

டைரியில் தினமும் நடந்ததை எழுத வேண்டும். நான் ஏழாவது முழுப் பரீட்சை எழுதாமலே நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன், ஆனால் கை சீக்கிரம் வலிக்கும். புளித்த மோர் தெளித்தாலும், வேப்பெண்ணெய் தெளித்தாலும், மாட்டு மூத்திரத்தில் இலை ஊறப்போட்டுத் தெளித்தாலும் நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான்: மருந்து அடித்தது. எங்கள் பக்கத்தில் செடிமேல் எது விழுந்தாலும் அது மருந்துதான். அது விஷமா மோரா என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு நாள் அது ரொம்பவே வசதியாகப் போனது.

அந்த நாள், மலையில் மார்கழிப் படித் திருவிழா முடிந்த மறுநாள் காலை. வீட்டுக்காரர் பஜனைக் கோஷ்டியோடு மலைக்குப் போயிருந்தார். முதல் நாள் சாயங்காலமே கிளம்பியவர், தரிசனம் முடித்துத் திரும்ப மத்தியானம் ஆகும். நான் காலையில் பந்தலுக்குள் போனால், வடக்குப் பக்கத்துக் கொத்துகளின் மேல் யாரோ கோலமாவு தூவின மாதிரி வெள்ளை. சாம்பல் நோய். பனி இறங்குகிற நாட்களில் ஒரே நாளில் வரிசை வரிசையாக ஓடிவிடும். பாவாவுக்குப் போன் போட்டேன். அவர் என்னை மரதலா என்று கூப்பிடுவார், கொழுந்தியாளுக்குத் தெலுங்கில் அதுதான். "மரதலா, வெயிலு ஏறுறதுக்குள்ள மோரு அடிக்கணும். ஆயன வர்ற வரைக்கும் நிக்காத" என்றார். ஆயன என்றால் என் வீட்டுக்காரர்.

மோர் இருந்தது. எங்கள் தெளிப்பான் டேங்க் மூன்று நாளாக வாஷர் போய்க் கிடந்தது. திருத்தணியிலிருந்து வாங்கி வருகிறேன் என்று சொன்னவர் மலைமேல் இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் அவர் டேங்கைக் கேட்டேன். அவர் கத்திரி, மிளகாய் வைக்கிறவர். எங்களுக்குத் தூரத்து உறவு, என் வீட்டுக்காரரை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். கழுவித்தான் வைத்திருக்கிறேன், எடுத்துப் போ என்றார். கடைசியாக அதில் எதை ஊற்றினார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று ஒரு பக்கம் தோன்றியது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் அலசினேன். எங்களிடம் கொத்து திருத்த வருகிற பெண் அன்றைக்கு வந்திருந்தாள். நகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வாழ வந்தவள். தமிழ் புரியும், பேசவென்று வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். அவள் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். வாசனை வருகிறது அக்கா என்றாள். மோர் வாசனைதான், அடி என்றேன். மூன்று வரிசை அடித்துவிட்டு அவள் வந்து நின்றபோது எனக்கே அது மூக்கில் ஏறியது. மோர் வாசனை இல்லை அது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். மீதி வரிசைகளுக்கு அவளும் நானும் வேப்பங்கொத்தை மோரில் தோய்த்துத் தோய்த்துக் கையால் தெளித்து முடித்தோம். டேங்கைத் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானம் வீட்டுக்காரர் விபூதிப் பொட்டலத்தோடும் புது வாஷரோடும் வந்தார். நோய் வந்ததைச் சொன்னேன், மோர் அடித்ததைச் சொன்னேன், டேங்கைச் சொல்லவில்லை. டைரியில் எழுதினேன்: மருந்து அடித்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் போன பிறகு அந்த மூன்று வரிசையில் மட்டும் புதுத் துளிர் சரியாக வரவில்லை. திராட்சை இலை கை விரித்த மாதிரி இருக்கும். இவை விசிறியை மடக்கின மாதிரி நரம்பு நெருங்கி, ஓரம் பல்லுப் பல்லாகக் குறுகிப்போய் வந்தன. என்ன மருந்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த டேங்க்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினம் காலை முதல் வேலையாகப் போய் அந்த மாதிரி இலைகளைக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து அடுப்பில் எரித்தேன். கேட்டால் கொத்துக்கு வெயில் படட்டும் என்று கிள்ளுகிறேன் என்றேன். அது உண்மையிலேயே செய்கிற வேலைதான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் என் கண்ணுக்குள் அந்த இலை மடங்கிக்கொண்டே இருந்தது. பழத்தில் அது இருக்குமா இருக்காதா என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலே சொன்ன மாதிரிதான்.

மாசியில் கொத்து கறுத்து, வெட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது சோதிக்க வந்தார்கள். ஒரே ஒரு பெண். என் தங்கை வயதுதான் இருக்கும். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் வந்தார். தலையில் தொப்பி, காலில் ஷூ, தோளில் ஒரு பை. மேடம் என்று கூப்பிட்டால் அவர் பதிலுக்கு அக்கா என்று கூப்பிட்டார். தெற்குப் பக்கத்துப் பேச்சு. கொட்டகைக்குப் போய் எண்ணெய் டின்னையெல்லாம் திறந்து மோந்தார். எங்கள் டேங்கின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார்.

அப்புறம் டைரி. முன்னே இரண்டு வருஷம் வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவர் நாலு பக்கம் புரட்டினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மருந்து மருந்து என்று எழுதியிருக்கிறதே, என்ன மருந்து என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, மேலே இருக்கிறவர்கள் இதைப் படித்தால் மூன்று வருஷமும் பூச்சிமருந்து அடித்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள் என்றார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எது என்று எழுதச் சொன்னார். நான் உட்கார்ந்து எழுதினேன். மோர். வேப்பெண்ணெய். மோர். இலைக் கரைசல். படித் திருவிழாவுக்கு மறுநாள் வரிக்கு வந்தபோது பேனா நின்றது. மோர் என்று எழுதினேன். மோர்தானே அடித்தது. பொய் இல்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பந்தலுக்குள் போனோம். அவர், என் வீட்டுக்காரர், நான். அன்றைக்கு டேங்க் மாட்டி அடித்த பெண்ணாள் முன்னாலேயே உள்ளே கொத்துகளில் அழுகல் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மேடம் முதல் மூன்று வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த மூணு மட்டும் ஏன் இப்படி மொட்டையா இருக்கு?"

வெயில் படட்டும் என்று கிள்ளினோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேடம் விடவில்லை. வெயிலுக்கு என்றால் எல்லா வரிசையிலும் கிள்ளியிருப்பீர்களே என்றார். பிறகு பெண்ணாளைப் பார்த்தார். கூலிக்கு வருகிறவர்களிடமும் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி போலிருக்கிறது. நீ சொல்லும்மா, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார்.

அவள் மறைக்கத் தெரியாதவள். மறைக்கச் சொல்லி நானும் அவளிடம் சொல்லவில்லை. கையை நீட்டி அந்த வரிசையைக் காட்டி, "ஆ ரோஜு மந்து கொட்டினாரு மேடம். அந்துகே ஆக்கு இட்லா அயிந்தி" என்றாள். அன்றைக்கு மருந்து அடித்தார்கள், அதனால்தான் இலை இப்படி ஆனது.

மேடத்துக்குத் தெலுங்கு தெரியாது. மந்து என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கிறது. மந்து என்றால் மருந்தா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தெலுங்கில் மந்து என்றால் மருந்து. மந்து என்றால் சாராயமும்தான். 'மந்து கொட்டினாரு' என்றால் மருந்து அடித்தார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், குடித்தார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடுகளில் பாவா இதை வைத்துத்தான் வேடிக்கை பண்ணுவார். வயலுக்கு மந்து கொட்டிவிட்டு வந்தேன், இனி எனக்கு மந்து கொட்ட வேண்டும் என்பார். அந்த வேடிக்கை எப்படி என் வாய்க்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் செய்திருந்தால் வந்திருக்காது.

"இல்ல மேடம். அவங்க பாஷையில மந்துன்னா சரக்கு. இவரு அன்னைக்குக் குடிச்சிட்டு வந்து கொடியப் பிச்சிப் போட்டுட்டாரு. அதத்தான் சொல்றா."

பெண்ணாள் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும் என்று சொன்னேனே. மேடம் மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். நெற்றி நிறைய விபூதியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக என் பயத்தைப் பார்க்கிறவர். வால்வைப் பார்க்க எழுந்து போகிறவளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். என்ன என்று தெரியாது, ஆனால் எதற்கோ இவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஆங், மேடம்," என்றார். "அன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. "இன்னா மாப்ள, மலைக்குப் போறேன் மலைக்குப் போறேன்னு சொல்லிகினு இத்தினி நாளா எங்க போய்கினு இருந்த நீ?"

அவர் மேடத்துக்கு முன்னால் நடந்து, குனிந்து போங்க, கம்பி இருக்கிறது என்று அடுத்த வரிசைக்குக் கூட்டிப் போனார். நான் பின்னால் நடந்தேன். பந்தல் நிழலில் அவர் முதுகு தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் மற்ற வரிசைகளை வேகமாகப் பார்த்து முடித்தார். எல்லாம் சரி, நன்றாக வைத்திருக்கிறீர்கள், இந்த வருஷம் பேப்பர் வந்துவிடும் என்று நினைக்கிறேன் என்றார். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் அறிக்கை எழுதினார். நான் மோர் கரைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் வெளியே சிமெண்டுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். நெற்றியில் இருந்த விபூதியெல்லாம் போயிற்று.

எழுதி முடித்து மேடம், உங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தார். நில அளவு. கிணறு. எல்லை. அப்புறம் இது: வடக்குப் பக்க முதல் மூன்று வரிசைகளில் இலை இழப்பு. காரணம், நில உரிமையாளர் குடிபோதையில் கொடிகளைச் சேதப்படுத்தியது. இதைப் பண்ணையின் பதிவாளரான அவர் மனைவி தெரிவித்தார்.

என் வாயிலிருந்து வந்தபோது அது காற்றாகத்தான் இருந்தது. தாளில் பார்த்தபோது அது என் வீட்டுக்காரர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது. அந்தத் தாள் ஏதோ ஓர் ஆபீஸ் பீரோவுக்குப் போய் எங்களுக்கு வயசாகி நாங்கள் போன பிறகும் இருக்கும். மேடம் பேனாவை என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து நாலு எழுத்துதான். முதல் எழுத்தைப் போட்டேன். இரண்டாவது எழுத்து வரவில்லை.

"அந்த வரியை எடுத்துடுங்க மேடம். அவரு குடிக்கமாட்டாரு. குடிச்சதே இல்ல. டேங்க் நான்தான் வாங்கினேன்."

எந்த டேங்க் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் மலைக்குப் போனதிலிருந்து அடுப்பில் எரித்த இலைவரை எல்லாவற்றையும், மூச்சு விடாமல். வாசலில் என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இலை எப்படி மடங்கியது என்று மேடம் கேட்டபோது என் கையையே விசிறி மாதிரி மடக்கிக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை வாங்கி மூடினார். களைக்கொல்லி என்றார். அதில் துளி இருந்தாலும் திராட்சை தாங்காது, சோப்புக்கெல்லாம் அது போகாது என்றார்.

மேடம் வரப்புக்குப் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டார். ஆமாம், வரப்புப் புல்லுக்கு அடித்தேன், அதே டேங்க்தான் என்றார். என்னைப் பார்த்து, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மா. நீ வாயத் தொறக்கலியே" என்றார். அது நியாயம்.

மேடம் பையிலிருந்து கவர்களை எடுத்து அந்த மூன்று வரிசையிலிருந்து இலையும் கொத்தும் வெட்டிப் போட்டார். பக்கத்து இரண்டு வரிசையும் சேர்த்து ஐந்து வரிசை இதோடு தள்ளுபடி, அதில் சந்தேகம் வேண்டாம் என்றார். மற்ற வரிசைகளிலிருந்தும் எடுத்தார். அதிலும் ஏதாவது இருந்தால் மொத்த நிலமும் முதல் வருஷத்துக்குப் போகும். ரிசல்ட் வராமல் ஒரு பழம்கூட வெட்டக் கூடாது. கிளம்பும்போது அந்த அறிக்கையின் வரிமேல் ஒரே கோடு போட்டு அடித்தார். அழிக்கக் கூடாதாம், வெள்ளை பூசக் கூடாதாம். அடித்த வரி படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். போட்டேன். இந்தத் தடவை நாலு எழுத்தும் வந்தது.

அவர் ஆட்டோ போன பிறகு என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கிட்ட சொல்றதுல இன்னா கஷ்டம்?" கொடியை அறுத்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னீர்களே என்றேன். நான் குடித்தேன் என்று நீ சொன்னதைக் கேட்டு நின்றதற்குக் கொடியையே அறுத்திருக்கலாம் என்றார். அதற்கப்புறம் ஏழெட்டு நாள் சோறு போடு, மோட்டார் போடு என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

பாவா மறுநாளே வந்துவிட்டார். போனில் சொல்லியிருந்தேன். வந்ததும் பந்தலுக்குள் போய், அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிற, இனிப்பு அளக்கிற சின்னக் குழாயில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டு வெயிலைப் பார்த்துக் கண்ணில் வைத்தார். இனிப்பு ஏறிவிட்டது, இன்னும் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் சுருங்கிவிடும் என்றார். என்னைத் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, என்கிட்டவே குடிக்காதவன், உங்கிட்ட யாரு ஊத்திக் கொடுத்தது?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பாவாவும் அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை. எல்லாம் மந்து என்கிற உங்கள் பாஷையால் வந்தது என்று நான் அக்காவிடம் போனில் சொன்னேன். பாஷைமேல் பழி போடாதே என்று அக்கா வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. மைனா கூட்டமாக வந்து இறங்கியது. நாகலாபுரம் பக்கம் வானம் ஒரு சாயங்காலம் கறுத்து மின்னியது. அந்தச் சமயத்தில் மழை விழுந்தால் பழம் வெடிக்கும். நான் தட்டை வைத்துவிட்டுப் போய் நின்று பார்த்தேன். அவரும் வந்து நின்றார். பக்கத்திலேயே நின்றார். மழை வரவில்லை. பழம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தளர்ந்துகொண்டே வந்தது. விரலால் தொட்டால் தெரிந்தது.

மேடம் வந்துபோன ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, எங்களோடு தங்கியிருந்த பாவாவின் போனுக்கு ரிசல்ட் வந்தது. அவர் இங்கிலீஷில் இருந்ததை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். முதல் மூன்று வரிசையில் இருக்கிறது. பக்கத்து இரண்டில் இல்லை, இருந்தாலும் தள்ளுபடி தள்ளுபடிதான். மற்றதில் எதுவும் இல்லை. ஐந்து வரிசை மறுபடி முதல் வருஷம், மீதி நிலத்துக்குப் பேப்பர் உண்டு. நான் பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெண்ணாள் வந்து தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, மீரு செப்பின தெலுகு நாக்கே தெலீது" என்றாள். நீங்கள் சொன்ன தெலுங்கு எனக்கே தெரியாது என்று. அவள் அந்த ஒரு வாரமும் என்மேல் வருத்தமாக இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்ன உண்மையை அவள் முன்னாலேயே நான் திருப்பிப் போட்டிருக்கிறேன். மன்னிச்சுக்கோ என்றேன். சரி சரி, கத்தரி எங்கே என்று கேட்டாள்.

இரண்டு நாள் வெட்டினோம். கிரேட்டுகள் லாரி ஏறின. பக்கத்து நிலத்துக்காரரும் வந்து கூட நின்று ஏற்றிவிட்டார், கேட்காமலே. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் டீக்கடையில் அவர் சொல்கிற கதை இன்றைக்கும் பாதிக் கதைதான். வரப்பிலிருந்து கேட்ட முதல் பாதியைச் சொல்வார். கொட்டகையில் நடந்த இரண்டாம் பாதியில் சிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் சொல்வதில்லை. நானே ஒருநாள் அந்தக் கடை வாசலில் நின்று, அது பொய், நான் சொன்ன பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர்தான் உன்னை இப்படி வந்து சொல்லச் சொன்னாரா என்று ஒருத்தர் கேட்டார். சில விஷயங்களைத் திருப்பி வாங்க முடிவதில்லை. என் வீட்டுக்காரர் இப்போதும் கிருத்திகைக்கு மலைக்குப் போகிறார். அந்தக் கடை வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறார்.

கடைசி நாள் சாயங்காலம் லாரி போன பிறகு அவர் ஒரு ஆளாக அந்த ஐந்து வரிசைக் கொத்துகளையும் வெட்டிக் குழியில் போட்டு மண் தள்ளினார். நல்ல கறுப்புக் கொத்துகள். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார். கொட்டகைப் படியில் உட்கார்ந்து டைரியைத் திறந்தேன். வடக்குப் பக்கம் முதல் ஐந்து வரிசை, பழம் வெட்டிப் புதைத்தது என்று எழுதினேன். காரணம் என்று எழுதிப் புள்ளி வைத்தேன். அங்கேயே பேனா நின்றது. மருந்து என்று எழுதினால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்று பார்த்தார். கையில் மண் இருந்ததால் டைரியைத் தொடவில்லை.

"முழுசா எழுது," என்றார். "எடம் பத்தலன்னா அடுத்த பக்கத்துலயும் எழுது. நான் நிக்கிறேன்."

எழுதினேன். யாருடைய டேங்க், யார் கேட்டு வாங்கியது, அதில் முன்னே என்ன இருந்தது, எத்தனை வரிசை, அன்றைக்கு யார் இங்கே இல்லை, அவர் எங்கே போயிருந்தார் என்று. மலை என்ற வார்த்தையை எழுதும்போது கை வலித்தது. பக்கம் பத்தவில்லை. திருப்பிக்கொண்டேன்.